மருத்துவ ஆய்வுக்குப் பிள்ளையின் சம்மதம்: டர்பனில் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், மருத்துவ ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கும் பிரிவில் பல வருடம் செவிலியாக இருந்தேன். கோயில் ஹாலில் நம்மவர்கள் என்னிடம் கேட்டவை இவை.

ஒரு அம்மா: அக்கா, மகளுக்கு 14 வயது. ஆஸ்துமா மருந்து ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். 12 வயதானால் பிள்ளை கையெழுத்தே போதுமாமே?

அது சிகிச்சைக்கு. 12 வயதாகி, விவரம் புரிந்த பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்கிறது 2005ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம். ஆய்வு வேறு. 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 71ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். பிள்ளைக்குப் புரியும் வயதென்றால் அவளும் சம்மதிக்க வேண்டும். நீங்கள் சரி என்று சொல்லி அவள் மாட்டேன் என்றால், பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு ஆயா: பேரனை வளர்ப்பது நான்தானே, நான் கையெழுத்துப் போடலாமா?

வளர்ப்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது, ஆயா. முதல் நாளே ஆய்வுக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு அப்பா: எல்லாவற்றுக்கும் மகன் தலையாட்டுகிறான். புரிந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

'புரிந்ததா?' என்று கேட்டால் 'ம்' என்றுதான் வரும். 'உன் கூட்டாளி கேட்டால் இதை எப்படிச் சொல்வாய்?' என்று கேளுங்கள். ஒரு பையன் ஊசி, ரத்தம், எத்தனை தடவை வர வேண்டும் என்று எல்லாம் ஒப்பித்தான். கடைசியில், "எனக்கு எது நல்லதோ அதைத்தானே டாக்டர் கொடுப்பார்?" என்றான். அங்கேதான் சிக்கல். குலுக்கல் முறை ஆய்வில் யாருக்கு எந்த மருந்து என்று டாக்டர் முடிவு செய்வதில்லை, கம்ப்யூட்டர்தான் பிரிக்கும். சில ஆய்வுகளில் ஒரு பிரிவுக்கு மருந்தே இல்லாத மாத்திரைதான் கிடைக்கும். எது யாருக்கு என்பது டாக்டருக்கும் தெரியாமல் இருக்கலாம். கிரிக்கெட் டாஸ் போல என்றேன். "ஜெயித்தால் பேட்டிங்கா பௌலிங்கா என்று நான் சொல்லலாமா?" என்றான். அதுவும் கிடையாதப்பா! அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தான். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

15 வயதுப் பெண்: ஆன்ட்டி, பாதியில் விலகினால் டாக்டர் கோபப்படுவாரா?

கோபப்பட அவருக்கு உரிமை இல்லை. நீ காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையும் நிற்காது. ஆனால் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதே. சிலவற்றைத் திடீரென்று விட்டால் உடம்புக்கு ஆகாது.

ஒருவர்: ஒவ்வொரு தடவையும் பணம் தருகிறார்களே?

டாக்ஸிச் செலவுக்கும் உங்கள் நேரத்துக்கும் சிரமத்துக்கும். பிள்ளை பணத்துக்காகத்தான் வருகிறது என்று தோன்றினால் நான் சேர்க்க மாட்டேன்.

அதே பெண்: எனக்கு 18 ஆகும்போதும் ஆய்வு நடந்துகொண்டிருந்தால்?

அப்போது உன்னிடம் புதிதாகக் கேட்க வேண்டும். அம்மா போட்ட கையெழுத்து அதற்குமேல் செல்லாது. எடுத்து வைத்திருக்கும் உன் ரத்தத்தை என்ன செய்வார்கள் என்றும் அன்றைக்கே கேள்.