ஆர்கானிக் வினைகளை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்வது எப்படி?

வினைகளை எவ்வளவு உருப்போட்டாலும் பரீட்சையில் குழம்பிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மும்பை மாட்டுங்காவில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முதல் நாள் நோட்டில் வரையச் சொல்வது இரண்டே மூலக்கூறுகள்: எத்தனால், டைமெத்தில் ஈதர். இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். ஆனால் எத்தனால் கொதிப்பது 78 டிகிரி செல்சியஸில். ஈதரோ மைனஸ் 24-லேயே கொதித்துவிடும். ஆக்சிஜன் யாரோடு கைகோத்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த அமைப்பைத்தான் வினைச்செயல் தொகுதி என்கிறோம்.

சரி, வினைக்கு வருவோம். எலக்ட்ரான் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பாருங்கள். கார்பனைல் தொகுதியில், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இணைந்த இடத்தில், ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கார்பன் சற்றே நேர்மின்சுமை பெறுகிறது. சயனைடு அயனியோ அமீனின் நைட்ரஜனோ, எலக்ட்ரான் மிகுந்த எதுவானாலும் அந்தக் கார்பனைத்தான் தேடி வரும். இது பிடிபட்டால் ஆல்டிஹைடு, கீட்டோன் பாடத்தில் பல வினைகள் ஒரே கதையாகத் தெரியும். வினைகளின் பெயர்களை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாவதும் இப்படித்தான்: எண்ணெய் ஓர் எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம்; காஸ்டிக் சோடாவின் ஹைட்ராக்சைடு அந்த எஸ்டரின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, கிளிசரால் பிரிந்துபோகிறது.