உப்புக் கரைசலின் அடர்த்தியை அளந்தால் வேலை கிடைக்குமா?

"உப்பைத் தண்ணீரில் கரைத்து அடர்த்தி பார்ப்பதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா? இதை நம்பி மகளை எப்படி அனுப்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் கவலை புரிகிறது. தலைப்பைக் கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

சமையல் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல், அதாவது சுமார் 58 கிராம், படிகமாக இருக்கும்போது 27 கன சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். நிறையத் தண்ணீரில் கரைத்துவிட்டால் அதன் பங்கு 16.6தான். உப்பு கரைந்து பிரியும் மின்னூட்டத் துகள்களான அயனிகள் பக்கத்திலுள்ள நீர் மூலக்கூறுகளை இழுத்து நெருக்கிவிடுகின்றன. டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு போன்ற, கார்பன் சங்கிலிகள் உள்ள கரிம உப்பு அப்படி அடங்காது. செறிவு கூடினால் சமையல் உப்பின் மோலார் கன அளவு, அதாவது கரைசலில் ஒரு மோல் பிடிக்கும் இடம், கூடும். இந்தக் கரிம உப்புக்கோ முதலில் குறையும். நீண்ட கார்பன் சங்கிலிகளைச் சுற்றி நீர் வேறு மாதிரி அமைவதுதான் காரணம். வலி மருந்தான டைக்ளோஃபெனாக் சோடியம், சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு எல்லாம் கரிம உப்புகள்தான். அவை தண்ணீரோடு எப்படிப் பழகுகின்றன என்பதற்கு இந்த அளவுகள் ஒரு சாவி.

ஆனால் வேலைக்கு எடுப்பவர் இந்தத் தலைப்புக்காக எடுக்க மாட்டார், அதை மறைக்க விரும்பவில்லை. அவர் பார்ப்பது கையில் இருக்கும் நிதானத்தை. 0.01 மோலல் கரைசலில், அதாவது ஒரு கிலோ தண்ணீரில் 0.01 மோல் கரைத்ததில், அடர்த்தியின் ஐந்தாவது தசம இடத்தில் ஒன்று பிசகினால், மோலார் கன அளவில் ஒரு கன சென்டிமீட்டர் போய்விடும். அடர்த்தி அளக்கும் கருவியின் குழாயில் கண்ணுக்குத் தெரியாத குமிழி இருந்தாலும், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருந்தாலும் கணக்கு கெட்டுவிடும். இதையெல்லாம் பிடிக்கத் தெரிந்தவருக்கு மருந்துத் தரக்கட்டுப்பாடு, அளவியல் ஆய்வகம், வேதி ஆலை வடிவமைப்பு என்று வழிகள் உண்டு.

ஒன்று மட்டும் சொல்வேன். அடர்த்தியோடு நிறுத்த வேண்டாம். ஒலிவேகம், பாகுநிலை, கொஞ்சம் பைத்தான் கணினி நிரலாக்கம், பிழைக் கணக்கு எல்லாம் சேர்த்துப் படிக்க இடம் இருக்கிறதா என்று ஆராய்ச்சி வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் வேறு குழுவைப் பார்ப்பது நல்லது.

அப்புறம், சேர்வதற்கு முன் ஒரு வாரம் அந்த ஆய்வகத்தில் உட்காரட்டும். 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.99705 கிராம் வர வேண்டும். அது வரும்வரை கழுவி, உலர்த்தி, மறுபடி அளக்க அவளுக்குச் சலிக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். மேற்கொண்டு பேசுவோம்.