மலாபார்த்தேயின் குதிரைகள்

அன்புள்ள ஐயா,

இத்தாலிய எழுத்தாளர் குர்சியோ மலாபார்த்தே இரண்டாம் உலகப் போரைப் பற்றி எழுதிய ‘கபுட்’ நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். ஏரியில் உறைந்துபோன குதிரைகளைப் பற்றிய பகுதிக்குப் பிறகு இரண்டு நாள் எதிலும் மனம் ஓடவில்லை. அப்புறம் தேடிப் பார்த்தால் அவரைப் பாசிஸ்ட், புளுகர் என்கிறார்கள். இவரை நம்பிப் படிக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

பாசிஸ்ட்தான், அதை மழுப்ப வேண்டாம். முசோலினியின் கட்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர். இயற்பெயர் கூர்ட் எரிக் சுக்கர்ட். நெப்போலியனின் குடும்பப் பெயரான போனபார்த்தேயில் ‘நல்ல’ என்று பொருள்படும் போனா இருக்கிறதே என்று 1925இல் ‘கெட்ட’ என்று பொருள்படும் மலாவைச் சேர்த்து மலாபார்த்தே ஆனார். 1933இல் அதே ஆட்சி அவரைக் கைது செய்து லிபாரி தீவுக்கு அனுப்பியது. பிற்பாடு அந்தத் தண்டனையை ஊதிப் பெரிதாக்கிச் சொன்னார். கடைசிக் காலத்தில் கம்யூனிஸ்டுகளோடு நெருங்கி, கேப்ரி தீவிலிருந்த வீட்டைச் சீனாவுக்கு எழுதிவைத்துவிட்டு 1957இல் இறந்தார்.

சரி, குதிரைகள். காடு பற்றி எரிகிறது. சோவியத் பீரங்கிப் படையின் குதிரைகள் லடோகா ஏரிக்குள் பாய்கின்றன. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் இறுகிவிடுகிறது. விடிந்ததும் பனிக்கு மேலே தலைகள் மட்டும், கண்களில் மிரட்சி அப்படியே இருக்கிறது. சிப்பாய்கள் வந்து, ராட்டினக் குதிரைமேல் ஏறுவதுபோல அந்தத் தலைகள்மேல் உட்காருகிறார்கள். ஏரி இப்படி ஒரே மூச்சில் உறையுமா என்று கேட்கிறார்கள். எனக்கு அது பொருட்டே இல்லை. சாவின் பக்கத்திலேயே இருந்து பழகிப்போனவர்கள் எப்படி ஆகிவிடுகிறார்கள் என்பதை, தலைமேல் உட்கார்ந்த அந்தச் சிப்பாய் ஒருவனே காட்டிவிடுகிறான். அதில் பொய் இல்லை.

நான் மன்னிக்காத பொய் வேறு. மலாபார்த்தே போர்முனை நிருபராக இருந்தவர்; நாவலில், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த போலந்தை ஆண்ட நாஜி அதிகாரி ஹான்ஸ் ஃபிராங்கின் விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறார். ஃபிராங்க் பியானோவில் ஷோபானின் இசையை வாசிக்கிறார். கெட்டோவில், அதாவது யூதர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், அடைபட்ட யூதர்களைப் பற்றிச் சாப்பாட்டுக்கு நடுவே சிரித்துப் பேசுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் மலாபார்த்தே மட்டும் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு பதில் சொல்லிவிடுகிறார். அப்படிப் பேசியவரை அடுத்த விருந்துக்கு யார் கூப்பிடுவார்கள்? நாவல் 1944இல் வெளிவந்தது. அதற்குள் போரில் காற்று ஜெர்மனிக்கு எதிராகத் திசை மாறியிருந்தது. அந்தப் பதில்களில் பலவும் எழுதும்போது கிடைத்தவை என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் படியுங்கள். 1941 ஜூனில் ருமேனியாவின் யாஷி நகரில் யூதர்களைக் கொன்று குவித்த அத்தியாயத்தை அவசியம் படியுங்கள். பிறகு விருந்து அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போய், அவர் சொன்னதாக எழுதியிருக்கும் பதில்களை மட்டும் தவிர்த்துவிட்டுப் பாருங்கள். எதிரே கொலைகாரர்கள் பேசிக்கொண்டிருக்க, தட்டைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் சாப்பிடுகிற ஒருவர் தெரிவார்.