மறு: ஊட்டியில் பிரேசில் விருந்து, கசக்கும் கைபிரின்யா

எட்டுப் பேருக்கு விருந்து, கைபிரின்யா (எலுமிச்சை, சர்க்கரை சேர்த்த பிரேசில் மதுபானம்) கசக்கிறது, அடியில் சர்க்கரை தங்குகிறது, ஃபெய்ஜோவாடாவுக்கு (பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த பிரேசில் குழம்பு) போட்ட ராஜ்மா வேகவில்லை, எந்தப் பாட்டை எப்போது போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

கசப்பு எலுமிச்சையின் வெள்ளைப் பகுதியிலிருந்து வருகிறது. பழத்தை நீளவாக்கில் நறுக்கி, நடுவில் ஓடும் வெள்ளை நரம்பை எடுத்துவிடுங்கள். தோல் கிழிய இடிக்க வேண்டாம், நாலைந்து அழுத்து போதும். டம்ளருக்கு ஒரு பழம், மிக்ஸியில் பொடித்த சர்க்கரை 2 டீஸ்பூன். மதுவில் சர்க்கரை லேசில் கரையாது. குளிரில் இன்னும் மோசம். சாற்றிலேயே முழுக்கக் கரைத்துவிட்டு, பிறகு 60 மி.லி. கஷாசா (கரும்புச் சாற்றில் வடித்த பிரேசில் மது), கடைசியில் ஐஸ். கஷாசா கிடைக்காவிட்டால் வெள்ளை ரம். டார்க் ரம் ஊற்றினால் எலுமிச்சை வாசனையே அமுங்கிவிடும்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ராஜ்மாவுக்குத் திறந்த பாத்திரத்தை மறந்துவிடுங்கள். முதல்நாள் இரவே வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுதீயில் 25 நிமிடம். விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் மாவுத்தன்மை இருந்தால் இன்னும் 10 நிமிடம். அரைவேக்காடு வயிற்றைக் கலக்கிவிடும். புளிப்பு எதுவும் வெந்த பிறகுதான். பரிமாறும்போது பக்கத்தில் ஆரஞ்சுத் துண்டுகள் அவசியம், கொழுப்பின் திகட்டலை அதுதான் வெட்டும்.

பாட்டுக்கு வருவோம். சாப்பிடும்போது போஸா நோவா என்ற பிரேசில் மெல்லிசை: மெல்லிய குரல், ஒரு கிதார், பேச்சை மறிக்காத சத்தம். சம்பா என்ற துள்ளலான ஆட்ட இசையை, சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு போடுங்கள். வீட்டில் மரத்தளம் என்றால் ஸ்பீக்கரைத் தரையில் வைக்காதீர்கள், சம்பாவில் வரும் பெரிய சுர்தோ முரசு அடிக்கும்போது தளமே அதிரும். மேசைமேல் மடித்த கம்பளி போட்டு வையுங்கள்.