ஜோனா லோமு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நியூசிலாந்தின் ரக்பி வீரர் ஜோனா லோமுவைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். 1995லிருந்து அவருடைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: நான் ரக்பியே பார்த்ததில்லை சார். விங்கர் என்றால் யார்?

ஓர் அணியில் 15 பேர். அதில் 8 பேர் முன்களத்தில் மோதிப் பந்தைக் கைப்பற்றுபவர்கள். மற்ற 7 பேர் பின்களத்தினர். அவர்களில் மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் நிற்பவர்கள்தான் விங்கர்கள். பந்தைக் கையால் முன்னோக்கி வீசக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். அப்படிக் கைமாறி ஓரத்துக்கு வரும்போது எதிரே ஒன்றிரண்டு பேர்தான் மிச்சமிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப்போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது ‘ட்ரை’, 5 புள்ளி.

அதுவரை விங்கர் என்றாலே வேகமாக ஓடுகிற, அளவான உடம்புக்காரர்தான். லோமு 1.96 மீட்டர் உயரம், 120 கிலோவை ஒட்டிய எடை. அந்த உடம்போடு ஓரத்தில் நின்றவர்களிலேயே வேகமானவராகவும் இருந்தார்.

கேள்வி: அவர் டோங்காக்காரர் என்கிறார்களே?

பெற்றோர் பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்தவர்கள். இவர் பிறந்தது 1975 மே 12, ஆக்லாந்து பக்கம். சின்ன வயதில் சில ஆண்டுகள் டோங்காவில் உறவினர் வீட்டில் வளர்ந்து, பிறகு தெற்கு ஆக்லாந்துக்குத் திரும்பினார். அப்பாவின் அடி உதையைப் பற்றி அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வெஸ்லி கல்லூரி விடுதியில் சேர்ந்த பிறகுதான் வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. அங்கே அவர் விங்கர் இல்லை, முன்களத்தில் ஆடினார். ஆளை மோதிக்கொண்டே பந்தை விடாமல் முன்னேறும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

கேள்வி: முதல் ஆட்டத்திலேயே கலக்கிவிட்டாரா அண்ணா?

இல்லை தம்பி. 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக இறங்கினார். வயது 19 ஆண்டு 45 நாள். ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து தேசிய அணிக்காக டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கிடையேயான ஆட்டம்) ஆடியவர்களில் அதுவரை இவ்வளவு இளையவர் யாருமில்லை. அந்தத் தொடரின் இரண்டு டெஸ்டிலும் நியூசிலாந்து தோற்றது. எங்கே நிற்பது, உதைத்து அனுப்பிய பந்தைத் துரத்தி எப்போது திரும்புவது என்பதெல்லாம் அவருக்கு இன்னும் பழகவில்லை. அணியிலிருந்து நீக்கினார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பைக்கு அழைத்தபோது அவர் ஆடியிருந்தது அந்த இரண்டே டெஸ்ட்தான்.

கேள்வி: இங்கிலாந்து ஆட்டத்தில் ஒருவரை மிதித்துக்கொண்டு ஓடுவாரே, அது எப்போது?

1995 ஜூன் 18, கேப் டவுன் நியூலண்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி. ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பந்து அவருக்குச் சற்றுப் பின்னால் போகிறது. திரும்பி எடுத்து, டோனி அண்டர்வுட்டைச் சுற்றி ஓடுகிறார். கேப்டன் வில் கார்லிங் பின்னாலிருந்து கணுக்காலைத் தட்டிவிடுகிறார். லோமு தடுமாறுகிறார். எதிரே கடைசி ஆள் மைக் கேட். வேறு யாராக இருந்தாலும் விழுந்திருப்பார்கள். இவர் அந்தத் தடுமாற்றத்தோடேயே கேட்டின் மேல் ஏறிக் கடந்துபோய் ட்ரை வைக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு ‘உடம்பு பெருசு, அதான்’ என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே ஆட்டத்தில் மொத்தம் 4 ட்ரை அடித்தார். மற்றவற்றையும் பாருங்கள். எப்போது வெளிப்பக்கம் விலகுவது, எப்போது நேரே மோதுவது என்று ஓட்டத்திலேயே முடிவெடுக்கிறார். முடிவு 45-29.

கேள்வி: அப்படிப்பட்டவர் இறுதிப்போட்டியில் ஏன் ஒரு ட்ரைகூட அடிக்கவில்லை? உணவில் விஷம் என்பது உண்மையா?

தென்னாப்பிரிக்காவுடனான இறுதிப்போட்டிக்கு முன்பு நியூசிலாந்து வீரர்கள் பலருக்கு வயிறு கெட்டது உண்மை. வேண்டுமென்றே செய்ததாக அவர்களுடைய பயிற்சியாளர் சொன்னார், அது நிரூபணமாகவில்லை. அந்தக் கதையையே பேசிக்கொண்டிருப்பது தென்னாப்பிரிக்கர்களுக்கு அநியாயம். லோமு வேகமெடுக்கும் முன்பே இரண்டு மூன்று பேராக வந்து காலைப் பிடித்தார்கள். கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி அடித்த டிராப் கோலில் (பந்தைத் தரையில் விட்டு, எழும்பும்போது கம்பங்களுக்கிடையே உதைப்பது) 15-12 என்று வென்றார்கள். இன்னொன்று தெரியுமா? தன் வாழ்நாளில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட் எதிலும் லோமு ட்ரை அடித்ததே இல்லை.

கேள்வி: எங்கள் கோலாலம்பூரில் ஆடியிருக்கிறாராமே?

ஆமாம். 1998 காமன்வெல்த் விளையாட்டில்தான் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியை முதன்முதலில் சேர்த்தார்கள். இறுதியில் பிஜியை வென்று நியூசிலாந்து தங்கம் வாங்கியது. லோமு அந்த அணியில் இருந்தார்.

கேள்வி: என் தம்பி டயாலிசிஸில் இருக்கிறான். லோமுவுக்கும் சிறுநீரகப் பிரச்சினை என்று கேள்விப்பட்டேன். அதோடு எப்படி ஆடினார்?

தம்பி நலமாக இருக்க வேண்டும், அக்கா. லோமுவுக்கு வந்தது நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பழுதாகி, உடம்புக்குத் தேவையான புரதம் சிறுநீரில் போய்விடும். கால் வீங்கும், அசதி ஆளை அடித்துப்போடும். 1995 கடைசியில் கண்டுபிடித்தார்கள். அதாவது, உலகமே அவரைக் கொண்டாடிய அதே ஆண்டில்.

அப்புறம் அவர் செய்த எல்லாமே அந்த நோயோடு செய்தவை. 1997இல் சிகிச்சைக்காகப் பல மாதங்கள் ஒதுங்கினார். திரும்பி வந்து 1999 உலகக் கோப்பையில் 8 ட்ரை. 1995இல் அடித்த 7ஐயும் சேர்த்து 15. அந்தச் சாதனையை 2015இல்தான் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா சமன் செய்தார். மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. எனக்கு 1995ஐ விட 1999தான் பெரிது.

2003இல் டயாலிசிஸ் தொடங்கியது, வாரம் மூன்று முறை. கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு நடப்பதே சிரமமானது. 2004 ஜூலையில் கிராண்ட் கெரியாமா என்ற வானொலி அறிவிப்பாளர் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அந்தச் சிறுநீரகத்தோடு லோமு வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்கும், பிறகு நியூசிலாந்தின் நார்த் ஹார்பர் அணிக்கும் போய் ஆடினார். ஆனால் 2011இல் அது செயலிழந்து, மறுபடியும் டயாலிசிஸ். 2015 நவம்பர் 18 அன்று ஆக்லாந்தில் காலமானார். 40 வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். ஈடன் பார்க்கில் நடந்த அஞ்சலியில் வெஸ்லி கல்லூரி மாணவர்கள் ஹாக்கா என்ற மாவோரி நடனம் ஆடியதை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

உங்கள் தம்பியின் சிகிச்சையைப் பொறுத்தவரை மருத்துவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். லோமுவின் ஓட்டங்களை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன்.

கேள்வி: புதிதாகப் பார்க்க ஒரே ஓர் ஆட்டம் சொல்லுங்கள்.

2000 ஜூலை 15, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அரங்கில் 1,09,874 பேர். பத்து நிமிடத்துக்குள் நியூசிலாந்து 24-0. இடைவேளையில் 24-24! கடைசி நிமிடங்களில் ஆஸ்திரேலியா 35-34 என்று முன்னிலை. அப்போது டெய்ன் ராண்டல் இடது ஓரத்துக்குப் பந்தைக் கொடுக்கிறார். எதிரே ஸ்டீபன் லார்க்கம். மோதித் தள்ளப்போகிறார் என்றுதான் நினைப்போம். லோமு அவரை உரசி விலகி, வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் ஓரத்திலேயே நுனிக்காலில் ஓடுகிறார். 39-35. அந்தக் காலடிகளை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.