வைரஸ் போன பிறகு

அன்புள்ள ஐயா,

கொரோனா வந்துபோய் வருடங்கள் ஆகியும் என் தங்கைக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் வேலை செய்தாலும் மறுநாள் படுத்துவிடுகிறாள். ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்கிறார் மருத்துவர். குணமான பிறகும் இப்படி இருக்குமா? கொடிய வைரஸ்களைக் கையாளும் ஆய்வகங்களை மூடிவிட்டால்தான் என்ன?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

இருக்கும். தங்கை சொல்வதை நம்புங்கள். ரிப்போர்ட் நார்மல் என்றால், அந்தச் சோதனைகள் தேடியது அகப்படவில்லை, அவ்வளவுதான். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடித்ததை நாமே பார்த்திருக்கிறோம். போலியோவிலிருந்து தேறியவர்களில் சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி பலவீனமாகின்றன.

உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்தித்த சம்பவம் ஒன்று உண்டு. 1967இல் மேற்கு ஜெர்மனியின் மார்பர்க், ஃபிராங்ஃபர்ட் நகரங்களிலும் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் ஆய்வக ஊழியர்கள் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். போலியோ தடுப்பூசி வேலைக்காக உகாண்டாவிலிருந்து வந்த குரங்குகளின் சிறுநீரகத் திசுவைக் கையாண்டவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களுக்கும் தொற்றியது. மொத்தம் 31 பேர். 7 பேர் இறந்தார்கள். அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது: குணமாகிவிட்டார் என்று கருதப்பட்ட ஒருவரிடமிருந்து அவர் மனைவிக்கு நோய் பரவியது. அவருடைய விந்தில் வைரஸ் தங்கியிருந்தது. 1975இல் ஜோஹன்னஸ்பர்க்கில் இதே நோயிலிருந்து பிழைத்த ஒருவரின் கண்ணுக்குள்ளும் வைரஸ் அகப்பட்டது. கண், விரை போன்ற இடங்களில் நோய் எதிர்ப்பின் கை முழுதாக எட்டுவதில்லை. எல்லா வைரஸும் இப்படி ஒளிந்திருப்பதில்லை. சிலவற்றில் வைரஸ் போன பின்பும் அது கிளப்பிவிட்ட எதிர்ப்பு அடங்காமல் தொல்லை தருகிறது.

சரி, ஆய்வகங்களை மூடலாமா? எனக்கு உடன்பாடில்லை. பிறகு மார்பர்க் நகரின் பெயரையே பெற்ற அந்த வைரஸ் எது என்று மூன்றே மாதத்தில் கண்டுபிடித்தது ஆய்வகம்தான். ஊழியர்களின் நோய் வெளியே தெரிந்ததால்தான் அது சாத்தியமானது. 1977இல் நடந்தது வேறு. சீனாவிலும் சோவியத் ஒன்றியத்திலும் தோன்றிய ஃப்ளூ, பெரும்பாலும் 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களைத் தாக்கியது. அந்த வைரஸ் 1950 வாக்கில் சுற்றிக்கொண்டிருந்ததோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. மனிதர்களிடையே பரவும் ஃப்ளூ வைரஸ் அத்தனை வருடம் மாறாமல் இருக்காது. உறைநிலையில் வைத்திருந்ததோ, தடுப்பூசிச் சோதனைக்கு எடுத்ததோ வெளியேறியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இதில்தான். கையுறை கிழிந்தது, ஊசி குத்தியது என்று அன்றே சொல்லும் ஊழியரின் வேலை பறிபோகாது என்ற உறுதி இல்லாத ஆய்வகத்துக்குக் கொடிய வைரஸைக் கொடுக்கவே கூடாது.

தங்கைக்கு ஒன்று சொல்லுங்கள். நடந்தால் சரியாகிவிடும் என்று யாராவது விரட்டினால் கேட்க வேண்டாம். மறுநாள் படுக்க வைக்கும் அளவு வேலையைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே நிற்கட்டும். எந்த நாள் என்ன செய்தாள், அடுத்த நாள் எப்படி இருந்தது என்று குறித்துவைத்து, நிதானமாகக் கேட்கும் வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்