18 வயது பாட்டிலும் கோலா கேட்கும் நண்பரும்

கேள்வி: மச்சான் ஸ்காட்லாந்திலிருந்து 18 வருட சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியிலிருந்து வடித்தது) ஒன்று வாங்கி வந்திருக்கிறார். சனிக்கிழமை பிராய் (கரியடுப்பில் இறைச்சி சுடும் விருந்து) போடும்போது ஐந்து பேர் சேர்ந்து திறக்கலாம் என்று திட்டம். ஒருவர் ஐஸும் கோலாவும் கேட்கிறார். எப்படிச் சுவைப்பது? திறக்காமல் பத்து வருடம் வைத்தால் 28 வயதாகிவிடுமா?
- வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: ஆகாது. ஓக் பீப்பாயில் கிடக்கும்வரைதான் அதற்கு வயது ஏறும், கண்ணாடிக்குள் வந்த அன்றோடு நின்றுவிடும். அதனால் தைரியமாகத் திறங்கள். ஆனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே. கரிப்புகையும் மசாலா ஆட்டிறைச்சியும் மூக்கையும் நாக்கையும் பிடித்துக்கொண்டால் அப்புறம் 18 என்ன, 3 என்ன, எல்லாம் ஒன்றுதான்.

வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் ஆளுக்கு 25 மில்லி போதும். வாயை லேசாகத் திறந்துகொண்டு மெதுவாக முகர்ந்து பாருங்கள், சாராய நெடி விலகியதும் ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியதென்றால் உலர்ந்த திராட்சை வாசனை எழும், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய் என்றால் வெனிலா. ஒரு மிடறு குடித்தபின் ஸ்பூனால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள், வேறு மாதிரி இருக்கும். ஐஸ் வேண்டாம், குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும்.

நம்ம தென்னாப்பிரிக்க வெலிங்டனில் வடிக்கும் த்ரீ ஷிப்ஸ் 10 வருட சிங்கிள் மால்ட் கிடைத்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கோலா நண்பருக்கா? விலை குறைந்த பிளெண்டட் (பல விஸ்கிகளைக் கலந்தது) ஒன்று தனியாக வாங்கி வையுங்கள், அவர் சந்தோஷத்தை ஏன் கெடுப்பானேன். வண்டி ஓட்டப்போகிறவருக்கு அந்தக் கோலா மட்டும்.